வெள்ளிக் காசு கறுத்துப் பூத்திருக்கிறது, வீட்டில் வைத்துச் சுத்தம் செய்யலாமா?

ஆற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். குடும்பத்துத் தகரப் பெட்டியில் இருக்கும் 9 வெள்ளிக் காசுகள் பற்றிய கேள்வி. மூன்று தினுசு.

ஒன்று: கோணல்மாணலான சதுரத் துண்டுகள், 4 காசு. ஒரு முகத்தில் சூரியன் மாதிரி, சக்கரம் மாதிரி நாலைந்து முத்திரைகள். எடை 3.1 முதல் 3.4 கிராம். மேலே கறுப்பு, மூலைகளில் பச்சை.

இரண்டு: வட்டக் காசு 2. தலை உருவம், சுற்றிலும் ரோமானிய எழுத்து. ஒவ்வொன்றும் சுமார் 3.6 கிராம். சாம்பலும் ஊதாவும் கலந்த மெழுகு போன்ற படிவம், ஓரத்தில் கெட்டியான வெள்ளைக் கட்டி.

மூன்று: 1862 விக்டோரியா ரூபாய் 3. சீரான கறுப்பு மட்டும்.

வீட்டில் புளி போடு, திருநீறு போடு என்கிறார்கள். அலுமினியத் தாளும் ஆப்பசோடாவும் போட்ட வீடியோ ஒன்றும் சுற்றுகிறது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

---

சேதுபாதை

தம்பி, முதலில் எல்லாவற்றையும் கீழே வையுங்கள். இன்றைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டாயிரம் வருஷம் காத்திருந்த காசு இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும்.

வீட்டில் சொல்கிற வைத்தியங்கள் ஏன் ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

புளி: டார்டாரிக் அமிலம். பழைய வெள்ளிக் காசில் கொஞ்சம் செம்பு கலந்திருக்கும். அமிலம் அந்தச் செம்பை மேல்பரப்பிலிருந்து உறிஞ்சிவிடும்; மிச்சம் நிற்பது பஞ்சு போன்ற வெள்ளி. பார்க்க வெள்ளையாக, பளிச்சென்று இருக்கும். ஆனால் ஒரே மழைக்காலத்தில் முன்பைவிட மோசமாகக் கறுக்கும். புளியோடு கல்லுப்பும் சேர்ப்பார்கள், அது இன்னும் கேடு. உப்பிலிருக்கும் குளோரைடுதான் நம் ஊர்க் காசுகளுக்கு முதல் எதிரி.

திருநீறு, செங்கல் தூள், பற்பசை: மூன்றும் உராய்வுப் பொருள்தான். குத்துவிளக்கு, வெள்ளிக் கிண்ணம் தேய்க்கலாம். காசின் முத்திரை அரை மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது; தேய்த்தது திரும்ப வராது.

கடையில் விற்கும் வெள்ளி முக்கும் திரவம்: அதில் பெரும்பாலும் தயோயூரியாவும் அமிலமும். நொடியில் கறுப்புப் போகும், கூடவே பரப்பும் அரித்துப் போகும். நுண்துளைக்குள் போன தயோயூரியா வெளியே வராது. சீக்கிரமே மறுபடி கறுக்கும்.

நகை ஆசாரியிடம் கொடுப்பது: அவர் தொழிலில் கெட்டிக்காரர்தான். ஆனால் நெருப்பில் காய்ச்சி அமிலத்தில் முக்கி வெளுக்க வைப்பது புது நகைக்கு உரிய வேலை. பழைய காசு நெருப்பில் பட்டால் உலோகத்தின் உள்கட்டமைப்பே மாறிவிடும். வெடிப்பு இருந்தால் உடைந்தும் போகும். நைட்ரிக் அமிலம் வெள்ளியையே கரைக்கும், அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கழுவ வைத்திருக்கும் அதிர்வலைத் தொட்டியும் வேண்டாம். பழைய வெள்ளி மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே பிஸ்கட் மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கலாம்.

---

கீழக்கரை காக்கா

சேதுபாதை சொன்னதில் ஒரு வார்த்தை கூடுதல். காசைக் கல்லில் தட்டி "டிங்" சத்தம் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. தயவு செய்து வேண்டாம். மண்ணில் கிடந்த வெள்ளியில், கலந்திருக்கும் செம்பு உலோகத்தின் நுண்படிகங்களின் எல்லைக்கு ஒதுங்கி, அந்தக் கோடு வழியாகவே அரிப்பு உள்ளே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. மேசையில் ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலே இரண்டாகும். கையாளும்போது கீழே மடித்த துண்டு விரித்திருக்கட்டும்.

அப்புறம் ஒரு அடிப்படைக் கேள்வி. இது வெள்ளிதானா? நம் ராமநாதபுரம் கடற்கரையில் கிடைக்கும் பழங்காசுகளில் பெரும்பங்கு செம்பு. அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது வந்த பிற்கால ரோமானியக் காசுகள் செம்பு. பாண்டியர் பெருவழுதிக் காசு செம்பு. சேதுபதி காசும் பெரும்பாலும் செம்பு. செம்புக்குச் சுத்தம் செய்யும் வழியே வேறு. செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய அந்தக் காலத்துக் கள்ளக் காசும் உண்டு. அதை வெள்ளி என்று நினைத்து அமிலத்தில் போட்டால் உள்ளே இருக்கும் செம்பு கரைந்து வெறும் தோல் மிஞ்சும்.

ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு கனம் என்று பாருங்கள். தராசின் மேல் ஒரு தம்ளர் பேட்டரி தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீரில் முழுசாக முக்கிப் பிடியுங்கள். தராசு காட்டும் எண்தான் காசின் கன அளவு. காற்றில் உள்ள எடையை அதால் வகுக்க வேண்டும். சுத்த வெள்ளி 10.5, செம்பு 8.9, ஈயம் 11.3. பத்தில் ஒரு பங்கு செம்பு கலந்த வெள்ளி 10.3 சொச்சம் வரும்.

---

தொண்டித்துறை

காக்கா, முறை சரி. ஆனால் நகைக்கடையில் கிடைக்கும் 0.01 கிராம் தராசில் இது வேலைக்கு ஆகாது. கணக்கு போட்டுப் பாருங்கள். 3.40 கிராம் காசு, தண்ணீரில் 0.33 காட்டினால் 10.3. அதே தராசு ஒரு படி தள்ளி 0.34 காட்டினால் 10.0. 0.32 என்றால் 10.6, அது சுத்த வெள்ளியையே தாண்டிவிட்டது. ஒரு படித் தவறில் முடிவே மாறுகிறது. மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். தம்ளரும் தண்ணீரும் சேர்ந்த எடையைத் தாங்கும் கொள்ளளவும் வேண்டும். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். நூலில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கன அளவு கூடக் காட்டும், அடர்த்தி குறைவாக வரும். முதலில் காசை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து எடுத்தால் குமிழ் ஒட்டாது.

இன்னொன்று. மேலே வெள்ளைக் கட்டியும் பச்சையும் இருக்கும்போது அடர்த்தி எப்போதும் குறைவாகத்தான் வரும். 9.6 வந்தால் உடனே கள்ளக் காசு என்று முடிவு கட்ட வேண்டாம். விக்டோரியா ரூபாயில் முதலில் பழகுங்கள். அது 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி என்று நிச்சயமாகத் தெரிந்த காசு, 10.3 பக்கத்தில் வர வேண்டும். வரவில்லை என்றால் உங்கள் கை இன்னும் பழகவில்லை.

---

ஆற்றங்கரை

நன்றி. இரண்டு தலைக் காசுகளும் 10.1, 10.2. சதுரத் துண்டுகள் 9.8 முதல் 10.1. ரூபாய் மூன்றும் 10.3. எல்லாம் வெள்ளிதான் போலிருக்கிறது. அடுத்து?

---

உப்புக்காற்று

வேதியியல் பக்கம் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

மேலே படிந்திருப்பது என்ன என்று தெரியாமல் எந்த மருந்தும் தொடக் கூடாது. 10 மடங்கு லென்ஸ், சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்துப் பாருங்கள்.

மெல்லிய, வழவழப்பான கறுப்பு, சில இடத்தில் நீலம் ஓடினால் அது வெள்ளி சல்பைடு. காற்றிலிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடால் வருவது. நம் கரையில் அழுகிக் கிடக்கும் கடல்பாசிக் குவியலின் வாடை இருக்கிறதே, அதிலும் இந்த வாயு உண்டு. ரப்பர் வளையம், கம்பளித் துணி, முட்டை எல்லாமே கந்தகம் தரும். இந்தப் படிவம் காசுக்கு ஆபத்தில்லை. சொல்லப்போனால் மேல்சட்டை மாதிரி.

சாம்பல் ஊதா, மெழுகு போலத் தடித்து, குண்டூசி முனையால் ஓரத்தில் அழுத்தினால் பள்ளம் விழுந்தால் அது வெள்ளி குளோரைடு. உப்பு மண்ணில், கடல் சேற்றில் கிடந்ததன் அடையாளம். வெளிச்சம் பட்டால் மேலும் கறுக்கும். இங்கேதான் யோசிக்க வேண்டும்: அது மேலே வந்து ஒட்டிய அழுக்கு இல்லை, காசின் வெள்ளியே குளோரைடாக மாறியது. பல காசுகளில் எழுத்தும் முகமும் அந்தப் படிவத்துக்குள்தான் இருக்கும், அடியில் உள்ள உலோகத்தில் இருக்காது.

கெட்டி வெள்ளைக் கட்டி கால்சியம் கார்பனேட். தானாக உதிர்ந்த ஒரு துணுக்கைத் தனியே எடுத்து அதன் மேல் ஒரு சொட்டு காடி விட்டால் நுரைக்கும். துணுக்கில் மட்டும், காசின் மேல் விடாதீர்கள்.

பச்சை என்றால் கலப்புச் செம்பிலிருந்து கசிந்த உப்புகள். அடர்பச்சையாக, கெட்டியாக இருந்தால் அமைதியான நிலை. வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்து, துடைத்தாலும் திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே குளோரைடு இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எல்லாக் காசுக்கும் முதல் சிகிச்சை ஒன்றுதான், வெறும் தண்ணீர். ஆனால் எந்தத் தண்ணீர்? நம் மாவட்டத்துப் போர் தண்ணீர் உப்பு. டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) ஆயிரத்தைத் தாண்டும் இடங்கள் ஏராளம். காவிரிக் கூட்டுக் குடிநீரிலும் குளோரின் போடுகிறார்கள். கேன் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் வாங்குங்கள். மூடியைத் திறந்ததும் மீட்டர் 5-க்குள் காட்ட வேண்டும். 10-க்கு மேல் என்றால் வேறு வாங்குங்கள்.

மூடி போட்ட சிறு கண்ணாடிக் குப்பி, ஒரு காசுக்கு 100 மி.லி. ஒவ்வொரு காசுக்கும் தனிக் குப்பி. வெவ்வேறு காசுகளை ஒன்றாகப் போட்டால் ஒன்றின் செம்பு இன்னொன்றின் மேல் படியும். கூடவே காசு போடாத ஒரு வெறும் குப்பியும் வையுங்கள். காற்றிலிருக்கும் கரியமில வாயு கரைந்தாலே மீட்டர் ஒன்றிரண்டு ஏறும், அதைக் கழித்துப் பார்க்க அந்த வெறும் குப்பி வேண்டும். 24 மணிக்கு ஒரு தடவை அளந்து, எழுதி, தண்ணீர் மாற்றுங்கள். காசுக் குப்பிக்கும் வெறும் குப்பிக்கும் வித்தியாசம் 2-க்குள் வந்து மூன்று நாள் நின்றால் போதும். ஒரு வாரம் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம்.

மீட்டர் குளோரைடை மட்டும் அளப்பதில்லை, கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டுகிறது. வீட்டு அளவுக்கு அது போதும்.

---

சேதுபாதை

உப்புக்காற்று அக்கா சொன்ன தண்ணீர் வேலைக்கு முன்னால் செய்ய வேண்டியது: இரண்டு முகமும் ஓரமும் படம், பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து. எடை, விட்டம், தடிப்பு. ஒட்டியிருக்கும் மண்ணைக் கொஞ்சம் சிறு ஜிப் பையில் எடுத்து வையுங்கள். காசின் மேல் துணி இழையோ நெசவுத் தடமோ தெரிந்தால் அங்கே கை வைக்காதீர்கள். அது ஒரு காலத்தில் கட்டியிருந்த முடிச்சின் சாட்சி.

ரப்பர் கையுறையில் கந்தகம் உண்டு, நைட்ரைல் கையுறை வாங்குங்கள். காசை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

---

பாக் நீரிணை

அலுமினியத் தாள் முறைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அதில் அமிலமும் இல்லை, உராய்வும் இல்லை. சல்பைடைத் திரும்ப வெள்ளியாகத்தானே மாற்றுகிறது? பிறகு ஏன் பயம்?

---

உப்புக்காற்று

நியாயமான கேள்வி. வேதியியல் அப்படித்தான். வெந்நீரும் ஆப்பசோடாவும் இருக்கும்போது அலுமினியம் கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வெள்ளியை விடும். அழுகிய முட்டை வாடை வருவது அதனால்தான். வீட்டு வெள்ளிக் கரண்டிக்குச் செய்யலாம்.

பழைய காசுக்கு மூன்று காரணத்தால் வேண்டாம். திரும்பி வரும் வெள்ளி இருந்த இடத்தில் வழவழவென்று போய் உட்காராது. நுண்துளையோடு, மங்கலாக, பொடி மாதிரி படியும், சீக்கிரம் கறுக்கும். இரண்டாவது, படிவத்துக்குள் எழுத்து இருந்தால் இந்த வேகத்தில் அது குலைந்துவிடும், நடுவில் நிறுத்த வழியில்லை. மூன்றாவது, செம்பு உப்பு இருக்கும் காசில் அந்தச் செம்பும் உலோகமாகி வெள்ளியின் மேல் சிவப்புத் திட்டாகப் படியும். அதை எடுப்பது பெரும்பாடு.

விக்டோரியா ரூபாயில் செய்தால் காசு உடையாது. ஆனால் நூற்றைம்பது வருஷத்தில் தானாக வந்த கறுப்பு நிறத்தைத்தான் காசு சேகரிப்பவர்கள் மதிக்கிறார்கள். கழுவி வெளுத்த ரூபாய் என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்து விலையைக் குறைப்பார்கள்.

---

தொண்டித்துறை

ரூபாய் மூன்றுக்கும் வேலை சின்னது. 100 மி.லி. பேட்டரி தண்ணீரில் டீப்பால் (திரவ சோப்பு) இரண்டு சொட்டு, பத்து நிமிஷம். ஒட்டக முடித் தூரிகையால் தடவி, மூன்று தண்ணீரில் அலசி, அசிட்டோனில் ஐந்து நிமிஷம், காற்றில் உலர விடுங்கள். பிசுக்கும் கைரேகையும் போகும், நிறம் நிற்கும். அதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள்.

அசிட்டோன் ஆய்வகப் பொருள் கடையில் வாங்குங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் எண்ணெயும் வாசனையும் சாயமும் இருக்கும், அது படிந்து நிற்கும். அடுப்பு, விளக்கு, சாம்பிராணி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது.

---

கீழக்கரை காக்கா

சதுரத் துண்டுகள் முத்திரைக் காசுகள். கார்ஷாபணம் என்பார்கள், 32 குன்றிமணி எடை, அதாவது 3.4 கிராம் அளவில். தகட்டை வெட்டி, எடை கூடினால் மூலையை நறுக்கிச் சரி செய்தது. அதனால் வெட்டு விளிம்பு பலவீனம், பச்சையும் அங்கேதான் முதலில் பூக்கும். முத்திரைகளுக்கு நடுவில் கடுகு மாதிரிச் சிறு சிறு குறிகள் தெரிந்தால் அவை பின்னால் வந்த வணிகர்கள் சோதித்து அடித்தவை. கீறல் என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். பின்பக்கமும் பாருங்கள். பாண்டிய நாட்டில் வெளியான முத்திரைக் காசுகளில் பின்பக்கம் மீன் சின்னம் வருவதுண்டு.

இந்தப் பச்சையை எடுக்கத்தான் வேண்டுமா என்பது என் சந்தேகம். பல காசில் பச்சைதான் வெடிப்பை அடைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எடுத்த பிறகுதான் வெடிப்பு தெரியும், அப்புறம் மூலை கையோடு வரும்.

---

உப்புக்காற்று

காக்கா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். கெட்டிப் பச்சையை விட்டுவிடுங்கள். முத்திரையை மறைக்கும் இடத்தில் மட்டும் வேண்டுமானால் இப்படி: டைசோடியம் ஈடிடிஏ (உலோக உப்புகளைப் பிடித்துக் கரைக்கும் தூள்) 5 கிராம், பேட்டரி தண்ணீர் 100 மி.லி. காசை முக்காமல், மூங்கில் குச்சி முனையில் சுற்றிய பஞ்சில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் உருட்டுங்கள். இரண்டு நிமிஷம், தண்ணீர்ப் பஞ்சால் துடைப்பு, லென்ஸில் பார்வை. பஞ்சு நீலமானால் செம்பு வருகிறது. நீலம் நின்றால் நீங்களும் நிறுத்துங்கள். அதற்கு மேல் உருட்டினால் உலோகத்திலிருக்கும் செம்பையே இழுக்கத் தொடங்கும்.

தலைக் காசின் வெள்ளைக் கட்டிக்கு அதே டைசோடியம் வேண்டாம். அதன் பிஎச் நாலரை பக்கம், அதாவது அமிலப் பக்கம், செம்பைத் தேடிப் போகும். கால்சியத்துக்கு டெட்ராசோடியம் ஈடிடிஏ நல்லது, பிஎச் 11 பக்கம், காரம். இதுவும் 100-க்கு 5 கிராம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கட்டியின் மேல் மட்டும் நனைத்த பஞ்சுத் துணுக்கை வைத்து அரை மணி, பிறகு அலசல். மூன்று நான்கு தடவையில் கட்டி சுண்ணாம்பு மாதிரி மிருதுவாகும்.

மிருதுவானதும் எடுக்க ஊசி, பிளேடு, பல் வைத்தியர் கருவி எதுவும் வேண்டாம். கால்சைட்டின் கடினம் 3, வெள்ளி இரண்டரை முதல் 3. அதாவது கட்டியே வெள்ளியைக் கீறக் கூடியது. அதைத் தள்ளி இழுத்தாலும் கோடு விழும். முள் வெள்ளியைவிட மிருது. நம் ஊரில் சீமைக் கருவேல முள்ளுக்கா பஞ்சம்? காய்ந்த முள், முனை மழுங்க மழுங்க மாற்றிக்கொள்ளுங்கள். லென்ஸுக்கு அடியில், ஈரத்தில், நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள்.

முள்ளம்பன்றி முள் நல்லது என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அது பாதுகாக்கப்பட்ட உயிரினம், அந்த வேலை வேண்டாம்.

---

பாக் நீரிணை

மெழுகுப் படிவத்துக்கு ஹைப்போ போடலாம் என்கிறார்களே? பழைய புகைப்பட ஸ்டூடியோக்களில் பயன்படுத்திய அதே சோடியம் தயோசல்பேட். 100 மி.லி.க்கு 20 கிராம். வெள்ளி குளோரைடைக் கரைக்கும் என்பது உண்மைதானே.

---

சேதுபாதை

கரைக்கும். அதுதான் பிரச்சினையே. தலையும் எழுத்தும் அந்தப் படிவத்தில் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கரைக்கும். அடியில் குழி விழுந்த வெறும் தகடு மிஞ்சும். நான் வேண்டாம் என்பேன். எழுத்து படிக்கும்படி இருக்கிறதா? இருந்தால் அதோடு விடுங்கள்.

---

உப்புக்காற்று

இதில் சேதுபாதையோடு கொஞ்சம் வேறுபடுகிறேன், முழுக்க இல்லை. படிவம் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாக இருக்காது. சில இடத்தில் உண்மையான பரப்புக்கு மேலே கொப்புளமாக எழும்பி நிற்கும். அந்தக் கொப்புளத்தை மட்டும் தாழ்த்த ஹைப்போ உதவும். அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநர்கள் விரும்புவது அம்மோனியம் தயோசல்பேட், 100-க்கு 15 கிராம், அதில் அயனியற்ற சோப்பு 1 சதவீதம். சோடியம் உப்பு அதைவிட மெதுவாக வேலை செய்யும். பழகாத கைக்கு மெதுவே நல்லது.

நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறேன். முக்கக் கூடாது, பஞ்சு மட்டும். ஒரு தடவைக்கு 3 நிமிஷம். ஒவ்வொரு தடவையும் புதுப் பஞ்சு, புதுக் கரைசல். ஏன் என்றால், தயோசல்பேட் போதாமல் வெள்ளி அதிகமானால் கரையாத வெள்ளித் தயோசல்பேட் உண்டாகி, சிதைந்து, கறுப்புச் சல்பைடாக அங்கேயே படியும். "ஹைப்போ போட்டேன், இன்னும் கறுத்துவிட்டது" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே பஞ்சைத் திரும்பத் திரும்பத் தேய்த்தவர்கள். எலுமிச்சை, காடி, எந்த அமிலமும் அதன் பக்கத்தில் வரக் கூடாது. கந்தகம் பிரிந்து மூச்சடைக்கும் வாயு வரும். முடிந்ததும் பேட்டரி தண்ணீரில் மறுபடி மூன்று நாள்.

கழிவில் வெள்ளி இருக்கிறது. சிறிதளவு கரைந்த வெள்ளிகூட நீரில் வாழும் நுண்ணுயிருக்கு நஞ்சு. கிணற்றடியிலோ, கால்வாயிலோ கொட்டாதீர்கள். நம் கால்வாய் போய்ச் சேரும் இடம் மன்னார் வளைகுடா. மூடிய பாட்டிலில் பெயர் ஒட்டிச் சேர்த்து வைத்து ஆய்வகத்துக் கழிவோடு கொடுங்கள்.

முழுக் காசும் குளோரைடாக மாறியிருந்தால் இது எதுவுமே வீட்டு வேலை இல்லை. மின்னாற்பகுப்பு முறையில் மெல்ல மெல்லத் திரும்ப வெள்ளியாக்குவது ஆய்வகத்தில் நடப்பது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லிருந்து வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது. முதலில் அங்கே கடிதம் எழுதிக் கேளுங்கள்.

---

சேதுபாதை

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. கொப்புளம் மட்டும் என்றால் சரி. ஆனால் முதல் பஞ்சை முகத்தின் மேல் வைக்காமல், பின்பக்க ஓரத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

---

தொண்டித்துறை

இந்த இழையை வேறு யாராவது தேடி வந்து படிப்பார்கள் என்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரை வைத்திருப்பது பெட்டியில் வந்த காசு. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால் கதை வேறு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் புதைந்து கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், சிறையும் உண்டு. 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசு, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கட்டியாக ஒட்டிக் கிடைத்த காசுகளைப் பிரித்துக் கழுவிவிட்டால் எது எதோடு கிடந்தது என்பது போய்விடும். அழகன்குளம், தேவிபட்டினம், பெரியபட்டினம் பக்கம் உழவிலோ, கிணறு தோண்டும்போதோ வந்தால் தண்ணீரில்கூடப் போடாமல், மண்ணோடு அப்படியே பெட்டியில் வைத்துத் தகவல் கொடுங்கள். அது நம் ஊருக்குச் செய்யும் பெரிய உதவி.

---

ஆற்றங்கரை

25 நாள் கழித்து வருகிறேன். தலைக் காசில் ஒன்றின் கணக்கு: முதல் நாள் வித்தியாசம் 38, அடுத்தடுத்து 17, 9, 6, 4, 3, 2, 2, 2. வெள்ளைக் கட்டிக்கு டெட்ராசோடியம் நான்கு தடவை, பிறகு முள். எடை 3.61-லிருந்து 3.52. ஹைப்போ தொடவில்லை. பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண், கையில் கோலும் கிளையும், பக்கத்தில் 'பொன்டிஃப் மாக்சிம்' எழுத்துகள் தெரிகின்றன. முத்திரைக் காசுகளில் மூன்று, பச்சையோடு அப்படியே. நாலாவதில் மட்டும் பன்னிரண்டாம் நாளும் வித்தியாசம் 6-லேயே நிற்கிறது, மூலையில் வெளிர்பச்சைத் தூள்.

மேலே எதுவும் பூச வேண்டுமா? எதில் வைப்பது?

---

கீழக்கரை காக்கா

மாஷா அல்லாஹ். அது ரோமானியப் பேரரசர் திபேரியஸ் காலத்துத் தினாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக் காசு. தமிழ்நாட்டில் கிடைக்கும் ரோமானிய வெள்ளியில் அகஸ்டஸ், திபேரியஸ் இருவருடையதும்தான் அதிகம். எழுத்து தெரிகிறது அல்லவா? இனிமேல் அதைத் தொடாதீர்கள்.

---

உப்புக்காற்று

நல்ல வேலை தம்பி, எண்களைக் குறித்து வைத்தது இன்னும் நல்லது. நாலாவது காசை இன்னும் தண்ணீரிலேயே விடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். வெடிப்புக்குள் இருக்கும் குளோரைடு வெளியே வர நேரம் பிடிக்கும். சீக்கிரம் வரட்டும் என்று கொதிக்க வைக்காதீர்கள், திடீர்ச் சூட்டில் வெடிப்பு விரியும்.

பூச்சு: உள்நாட்டில் இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வைப்பதால் அசிட்டோனில் 3 சதவீதம் பாராலாய்ட் பி-72 (அக்ரிலிக் பிசின்) கரைத்து ஒரே ஒரு மெல்லிய பூச்சு. பிறகு எப்போது வேண்டுமானாலும் அசிட்டோனிலேயே கரைத்து எடுத்துவிடலாம். நாள் பார்த்துப் பூசுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். அசிட்டோன் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து வெண்புகை போட்டதுபோல மங்கிவிடும். பங்குனி, சித்திரையில் நடுப்பகல் சரியான நேரம். ரூபாய்க்குப் பூச்சு தேவையில்லை.

---

தொண்டித்துறை

வைக்கும் பை: வளையும், வாடை அடிக்கும் பிவிசி உறை வேண்டாம். அதிலிருக்கும் மிருதுவாக்கி கசிந்து காசின் மேல் பச்சைப் பசையாக ஒட்டும். பாலிஎஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை வாங்குங்கள். செய்தித்தாள், அட்டைப்பெட்டி, வெல்வெட்டுத் துணி, மரப்பெட்டி எதுவும் ஆகாது. ரப்பர் பட்டை போட்டுக் கட்டாதீர்கள்.

இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா, உள்ளே 100 கிராம் நிறம் மாறும் சிலிகா ஜெல், ஒரு சிறு ஈரப்பத மீட்டர். 40 சதவீதத்துக்குக் கீழே நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்து, ஆறவைத்துத் திரும்பப் போடலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, ஆரஞ்சு நிறம் வாங்குங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவையாவது மீட்டரைப் பாருங்கள். டப்பாவை அடிக்கடி திறக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் உப்புக் காற்று உள்ளே போகும்.

நாலாவது காசு தனி டப்பாவில். உலர்த்தி வைத்த மூன்றாவது மாதம் லென்ஸில் பாருங்கள். வெளிர்பச்சை மறுபடி தெரிந்தால் ஒன்றும் போடாமல், எழுதி வைத்த எண்களோடும் படங்களோடும் எழும்பூருக்கு எழுதுங்கள்.